மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணியா?

கேள்வி: எங்கள் வாய்க்கால் கரையில் மஞ்சள் பூவுடன் ஒரு செடி பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பக்கத்து வீட்டு அக்கா பறித்துக் கூட்டு வைக்கிறார். இலை பளபளப்பாகவும் மூன்று மடலாகப் பிரிந்தும் இருக்கிறது. பூவைப் படமெடுத்துக் காட்டினால் மூவர் மூன்று பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, கும்பகோணம்.

பதில்: பூவின் படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர் எவராயினும் ஊகித்தே சொல்கிறார், தங்கள் கடிதத்தில் ‘மூன்று மடல்’ என்று எழுதியிருப்பது அந்தப் படத்தைவிட அதிகம் சொல்கிறது. கீரையாகும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை மடல் பிரியாமல், நீண்டு ஒடுங்கி, தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். தாங்கள் கண்டது, தென் அமெரிக்கா உள்ளிட்ட வெப்ப மண்டல அமெரிக்கப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பூங்காக்களிலிருந்து தப்பி நீர்க்கரைகளைப் பிடித்துக்கொண்ட அதன் நெருங்கிய உறவுச் செடியாகவே இருக்கக்கூடும். ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா என்ற அதன் அறிவியல் பெயரில் ‘ட்ரைலோபாட்டா’ என்பதற்கே மூன்று மடல் கொண்டது என்றுதான் பொருள். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமையும், பூவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். சில இலைகளில் மடல் தெளிவாகத் தெரியாது என்பதால் ஒரே கொடியில் பத்து இலைகளையாவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

இலையைக் கசக்கினால் சாறு கறுக்கும் என்று சிலர் சொல்வது, வயல் வரப்பில் வளரும், வெள்ளைப் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணிக்கு உரிய அடையாளம். அதை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டாம். வள்ளலார் போற்றிய கீரை என்ற பற்றில், கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணி, என்று யார் சொன்னாலும் பறித்துவிடுகிறோம். வெட்டுக்காயப் பூண்டைக்கூட அந்தப் பெயரில் பறிப்பவர்கள் உண்டு.

மீண்டும் படமெடுப்பதானால், இலையின் இரு புறங்கள், கணுவில் இலைகள் சேரும் இடம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம் ஆகியவற்றை ஒரு நாணயத்தை அருகில் வைத்து எடுத்து, வளர்ந்த இடத்தையும் குறித்து அனுப்புங்கள். அதைவிட நல்லது, பூவோடு கூடிய ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் கூடத்திலோ அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையிலோ காட்டிக் கேட்பது. அதுவரை அக்காவின் கூட்டுக்கு முருங்கைக்கீரையே போதும்.