தீவு உண்மை, மாளிகை பொய்

கேள்வி: ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையில் வந்த ‘பிளாக் ஃப்ளாக்’ கணினி விளையாட்டில் என் மகன் மூழ்கிக் கிடக்கிறான். அதன் நாயகன் கிரேட் இனாகுவா என்ற தீவைக் கைப்பற்றி, மாளிகையில் குடியேறி, மதுக்கடையும் துறைமுகமும் அமைக்கிறான். ‘பள்ளிப் பாடத்தைவிட இதில்தான் வரலாறு கற்கிறேன்’ என்கிறான் மகன். கடற்கொள்ளையர் இப்படித்தான் வாழ்ந்தார்களா? விளையாட வேண்டாம் என்று தடுத்துவிடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: தடுக்க வேண்டாம். ஆனால் வரலாறு கற்கிறேன் என்று அவன் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம்.

கிரேட் இனாகுவா நிஜமான தீவு. பஹாமாஸின் தென்கோடியில், கியூபாவுக்கும் ஹைட்டிக்கும் வடக்கே இருக்கிறது. 2013இல் வந்த அந்த விளையாட்டில் பச்சைப் பசேலென்று காட்டப்படும் தீவு, நேரில் தட்டையான வறண்ட நிலம். மக்களுக்கு முக்கியப் பிழைப்பு உப்பளம். நடுவில் உள்ள ஏரியில் பூநாரைகள் பல்லாயிரக்கணக்கில் கூடுகின்றன. மாளிகையின் பழைய சொந்தக்காரனாக வரும் ஜூலியன் டு காஸ் கற்பனைப் பாத்திரம். இதெல்லாம் கதை சொல்பவனுக்கு உள்ள உரிமை, நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அந்த மாளிகையை. ஒரு தலைவன் தீவையே தன் சொத்தாக வைத்துக்கொண்டு, கொள்ளைப் பணத்தைக் கொட்டி அதை மேம்படுத்துகிறான். மாலுமிகள் அவனுடைய வேலையாட்களைப் போலச் சுற்றி வருகிறார்கள். அந்தக் காலத்துக் கொள்ளையருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

அவர்களுக்கு ஒதுக்குப்புறமான கரை தேவைப்பட்டது உண்மைதான். வெப்பக் கடலில் சில மாதம் ஓடினாலே மரக்கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொள்ளும், வேகம் குறையும். கப்பல் புழு பலகையைத் துளைத்துக் குடைந்துவிடும். அதனால் பீரங்கிகளையும் சரக்கையும் இறக்கிவிட்டு, கப்பலை ஆழமில்லாத கரையில் ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். ஒட்டியதைத் தீயால் கருக்கிச் சுரண்டி எடுப்பார்கள். ஓட்டைப் பலகையை மாற்றி, தாரும் கொழுப்பும் கலந்து பூசுவார்கள். பிறகு மறுபக்கம் சாய்த்து முதலிலிருந்து எல்லா வேலையும். அந்த நாட்களில் ஒரு போர்க்கப்பல் வந்துவிட்டால் ஓடவும் முடியாது, சுடவும் முடியாது. ஒதுங்கிய தீவுகளை அவர்கள் நாடியதற்கு இது முக்கியக் காரணம். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

தங்கிக் குடித்துக் கூத்தடிக்க அவர்களுக்கு இருந்த இடம் பஹாமாஸின் துறைமுக ஊரான நசாவு. 1713இல் ஐரோப்பியப் போர் ஓய்ந்து மாலுமிகள் வேலையின்றித் தெருவில் நின்ற பிறகு அங்கே கூட்டம் சேர்ந்தது. பெரிய போர்க்கப்பல்கள் எளிதில் நுழைய முடியாத ஆழமற்ற துறைமுகம், வெளியேற இரண்டு வாய்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கொள்ளைச் சரக்கை வாங்க வியாபாரிகள் இருந்தார்கள். சர்க்கரை மூட்டையைத் தனித் தீவில் குவித்து வைத்து யார் என்ன செய்ய முடியும்? பக்கத்து ஹார்பர் தீவின் வணிகர்களும் அந்தச் சரக்கில் காசு பார்த்தார்கள். விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சர்க்கரையும் ரம்மும் விற்றுப்போகின்றன. வாங்கியவர் யார் என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சர்க்கரையை விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகள் யார் என்றும் கேளுங்கள்.

இனி தலைவன் விஷயம். சண்டையிலும் துரத்தலிலும் மட்டும்தான் அவன் வைத்தது சட்டம். மற்ற நேரங்களில் எல்லாருக்கும் ஒரு வாக்கு. அக்காலக் கொள்ளைத் தலைவன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பல் விதிகளின்படி தலைவனுக்குக் கொள்ளையில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். சண்டையில் கை கால் இழந்தவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 வெள்ளி நாணயம் உண்டு. தலைவனுடைய அறைக்குள் எந்த மாலுமியும் நுழைந்து அவன் கோப்பையில் குடிக்கலாம். இப்படிப்பட்டவர்களிடம் போய் ‘இந்தத் தீவும் மாளிகையும் என்னுடையவை’ என்று ஒருவன் சொல்லியிருந்தால், மறுநாளே அவனைப் பதவியிலிருந்து இறக்கியிருப்பார்கள்.

இறக்கியும் இருக்கிறார்கள், அதுவும் இனாகுவாவுக்குத் தெற்கே உள்ள வின்ட்வர்ட் நீரிணையில். 1718 நவம்பரில் சார்லஸ் வேன் என்ற கொள்ளைத் தலைவன் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலைக் கண்டு, மோத வேண்டாம் என்று விலகினான். மறுநாள் ஆட்கள் கூடி வாக்கெடுத்து, கோழை என்று அவனை நீக்கினார்கள். அவன் ஆட்களில் ஒருவனான ஜாக் ராக்கம் தலைவனானான். வேனும் அவன் பக்கம் நின்ற சிலரும் ஒரு சிறு கப்பலோடு அனுப்பப்பட்டார்கள்.

உங்கள் மகன் வேனையும் ராக்கமையும் விளையாட்டில் சந்தித்திருப்பான். அங்கேயும் வேன் பதவி இழக்கிறான், ஆனால் ராக்கமின் துரோகத்தால். கூலியே கிடைக்காமல் கப்பல்களில் அடிபட்டுக் கிடந்த மாலுமிகள், தங்கள் தலைவனைத் தாங்களே தேர்ந்தெடுத்து, பிடிக்காதபோது வாக்களித்து நீக்கினார்கள். திருடர்கள், கொலைக்கும் அஞ்சாதவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அரசர்கள் ஆண்ட காலத்தில் இதைச் செய்தார்கள். அதைத் துரோகக் கதையாக மாற்றிவிட்டு, நாயகனுக்கு ஒரு மாளிகையைக் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டை மூடச் சொல்லாதீர்கள், அந்தக் காட்சி வரும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள்.