பணம் தரச் சொல்லி பெங்களூர் கோர்ட் கொடுத்த டிகிரியை (தீர்ப்பாணையை) வைத்து, கடனாளியின் ஓசூர் மனையை ஜப்தி செய்ய முடியுமா?

பெங்களூர் கோர்ட் நேரடியாகச் செய்ய முடியாது. நீங்கள் பெங்களூரில் போட்ட இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) திரும்பி வந்திருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்: எல்லைக்கு வெளியே உள்ள சொத்தில் கை வைக்க சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 39(4) இடம் தராது.

டிகிரி கொடுத்த கோர்ட்டிலேயே, அதை ஓசூருக்கு மாற்றச் சொல்லி மனு போடுங்கள். டிகிரி நகலோடு, எவ்வளவு பணம் இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றும் அங்கே போக வேண்டும். அது விடுபட்டால் அங்கே எதுவும் நகராது. மாற்றம் முடிய நாளாகும், அதற்குள் மனை கைமாறிவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் கூடவே பிரிவு 46-இன் கீழ் பிரிசெப்ட் (சொத்தை ஜப்தி செய்யச் சொல்லி டிகிரி கொடுத்த கோர்ட் ஓசூர் கோர்ட்டுக்கு அனுப்பும் உத்தரவு) கேளுங்கள். ஓசூர் கோர்ட் உடனே ஜப்தி செய்யலாம். ஆனால் அது 2 மாதம்தான் நிற்கும். அதற்குள் டிகிரியை ஓசூருக்கு மாற்றி அங்கே விற்பனைக்கு மனு போட்டுவிடுங்கள், அல்லது டிகிரி கொடுத்த கோர்ட்டில் நீட்டிப்பு வாங்கிவிடுங்கள்.

முதலில் தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மனுவில் எழுதும் சர்வே எண்ணும் நான்கெல்லையும் பத்திரத்தோடு அப்படியே ஒத்துப்போகட்டும்.

வில்லங்கத்தில் வங்கி அடமானம் இருந்தால், ஏல விற்பனையில் வங்கிக் கடன் போக மிச்சம்தான் உங்களுக்கு. டிகிரி 2 வருடம் தாண்டியிருந்தால் பொதுவாகக் கடனாளிக்கு நோட்டீஸ் போன பிறகே ஜப்தி. 12 வருடம் தாண்டினால் இ.பி.யே போட முடியாது.