மரத்த விரல்களும் பாதியில் நின்ற ஸ்வெட்டரும்

பின்னல் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, கீமோ முடிந்து சில மாதங்கள் ஆகியும் என் விரல் நுனிகள் மரத்தேதான் இருக்கின்றன. மார்பக அறுவை சிகிச்சையின்போது வலது அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். மகளுக்காகத் தொடங்கிய ஸ்வெட்டர் பாதியில் நிற்கிறது. ஊசியை எடுத்தாலே கண்ணி நழுவுகிறது, அழுகை வருகிறது, பையை மூடி வைத்துவிடுகிறேன். இனி என்னால் பின்னவே முடியாதா?
(ஒரு வாசகி)

பதில்: முடியும் தங்கையே. ஆனால் அந்த ஸ்வெட்டரில் தொடங்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன்பு உங்கள் கைக்கு ஓர் இறுக்கம் இருந்தது. இப்போதைய கைக்கு வேறு இறுக்கம். விட்ட இடத்திலிருந்து பின்னினால் அந்த வரிசையில் ஒரு கோடு விழும், அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் உடையும். புதிதாக ஒரு சின்னத் துண்டு போடுங்கள்: இருபது கண்ணி, எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்) மட்டும். அது எதற்கும் பயன்பட வேண்டியதில்லை.

நானும் கீமோ எடுத்தவள்தான். எனக்குக் கொடுத்தது பேக்லிடாக்சல். விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. நூல் ஓடுவது விரலுக்குத் தெரியாததால் நம்மை அறியாமல் ஊசியை இறுக்கிப் பிடிப்போம், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வழுக்கும் உலோக ஊசியை விட்டு, 5 அல்லது 6 மி.மீ. மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். கண்ணி அதில் சட்டென்று நழுவாது. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்கு உலோகத்தின் குளிர்ச்சியே விரலில் சுருக்கென்று ஏறும், அவர்களுக்கும் மூங்கில்தான் நல்லது. நூல் வெளிர் நிறத்தில், சற்றுத் தடிமனாக இருக்கட்டும். விரல் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கண் பார்த்துக்கொள்ளும். மரப்பு பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலது கையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. முடிச்சுகளை எடுத்த பக்கம் நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம். பின்னலை அதற்காக விட வேண்டாம், ஆனால் ஒரே மூச்சில் பின்னாதீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்துவிட்டு, தோளைச் சுழற்றி, விரல்களை மடக்கி விரியுங்கள். முழங்கைக்கு அடியில் தலையணை வேண்டும். பெரிய துண்டு என்றால் வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரட்டை ஊசி) போடுங்கள், கனம் மடியில் இறங்கிவிடும். மோதிரம் திடீரென்று இறுகினாலோ கை கனத்தாலோ அன்றைக்குப் பின்னல் போதும், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

வரிசை மறந்துபோகிறதா? கீமோவுக்குப் பிறகு பலருக்கும் அப்படித்தான். சில வரிசைகளுக்கு ஒருமுறை, வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கண்ணிகளுக்குள் கோத்து விடுங்கள். எது அவிழ்ந்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஸ்வெட்டருக்கு வருகிறேன். அதைப் பின்னல் குழுவிடம் கொடுங்கள். என் குழுவில் ஒருத்தி பேட்டர்னை வரிசை வரிசையாக எனக்கு வாசித்துக் காட்டுவாள். இன்னொருத்தி நான் நழுவவிட்ட கண்ணிகளைக் குரோஷா ஊசியால் ஒவ்வொன்றாக மேலே ஏற்றித் தருவாள். “தைரியமாக இரு” என்று ஒருவரும் சொன்னதில்லை. “ஸ்வெட்டர் கைக்கு எந்த நிறம்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு எத்தனை பெரியதாக இருந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மகளின் ஸ்வெட்டரில் கைகள் இரண்டையும் அவர்கள் போடட்டும், கழுத்துப் பட்டியை நீங்கள் போடுங்கள்.

கேள்வி: கீமோ எடுப்பவர்களுக்குக் குழுவாகத் தொப்பி பின்னலாம் என்றிருக்கிறோம். மீந்த கம்பளி நூல் நிறைய இருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: நூலைக் கழுத்தின் பக்கவாட்டில் தேய்த்துப் பாருங்கள். துளி அரித்தாலும் வேண்டாம். முடி உதிர்ந்த தலைக்கு மொஹேர் போன்ற ரோமம் நீட்டிய நூலும் ஆகாது. மென்மையான பருத்தி, மூங்கில் கலப்பு, மிருதுவான அக்ரிலிக் நல்லது. வட்டமாகப் பின்னினால் தையல் உறுத்தாது. பெரிய ஓட்டை டிசைனைத் தவிருங்கள், தலை தெரியும். பின்பக்கம் பொத்தான் வைக்காதீர்கள், படுக்கும்போது உறுத்தும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் துவைத்து, நன்றாகக் காயவைத்து, உறையில் மூடிக் கொடுங்கள்.

கேள்வி: மார்பகத்தை எடுத்தவர்களுக்கு நூலிலேயே மார்பு பின்னித் தருகிறார்களாமே?

பதில்: ஆமாம். அமெரிக்காவில் ‘நிட்டட் நாக்கர்ஸ்’ என்ற தன்னார்வ அமைப்பு இலவசமாகவே தருகிறது. அதைத் தொடங்கிய பார்பரா டெமரஸ்டும் மார்பகப் புற்றுநோயைக் கடந்தவர். உள்ளே பஞ்சு என்பதால் சிலிகான் செயற்கை மார்பைவிட மிக லேசு, துவைக்கவும் செய்யலாம். காயம் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு அணியுங்கள். பின்பக்கத்தில் பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்துப் பின்னச் சொல்லுங்கள். உள்ளாடைக்குள் வைத்துப் பார்த்து, மறுபக்கத்துக்குச் சமமாக நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.