ஒழுகும் வீட்டை ஒப்பந்தம் முடியும் முன்பே காலி செய்யலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது. படுக்கையறையில் கூரை ஒழுகிக் காரை பெயர்ந்து விழுகிறது. ஈரம் ஊறிய சுவரில் உள்ள சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. உரிமையாளரிடம் போனில் பலமுறை சொல்லிவிட்டேன். "மழை முடியட்டும்" என்பதே பதில். எட்டு மாதத்துக்குள் காலி செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. நான் வெளியேறலாமா? அதுவரை வாடகையை நிறுத்திவைக்கலாமா?

பதில்: வெளியேறலாம், ஆனால் இன்றைக்கே அல்ல. வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். இப்போது பிழை முழுவதும் உரிமையாளர் பக்கம் இருக்கிறது. வாடகை பாக்கி விழுந்துவிட்டால், ஒழுகும் கூரையை விட்டுவிட்டு உங்கள் பாக்கியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். அவருக்கு அந்த வாய்ப்பை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

சட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சுவருக்குப் போகும் மின் இணைப்பை ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து இன்றே துண்டித்துவிடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். வந்த எலக்ட்ரீஷியனிடம் கோளாறு எங்கே இருக்கிறது என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி பிறகு எவ்வளவு உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்களுக்குப் பொருந்துவது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பழுதுபார்க்காமல் வீட்டில் குடியிருக்கவே முடியாது என்ற நிலை இருந்து, வாடகைதாரர் எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் செய்ய மறுத்தால், 15 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்யும் உரிமையை அது தருகிறது. இந்த உரிமைக்கு எழுத்தில் கேட்டிருப்பது முதல் நிபந்தனை. நீங்கள் இதுவரை பேசியதெல்லாம் போனில்தான். சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கேட்கத் தொடங்கவே இல்லை.

ஆகவே முதலில் ஒரு கடிதம். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். வக்கீல் நடையும் வேண்டாம். எந்த அறையில் என்ன பழுது, எப்போதிலிருந்து, இதற்கு முன் எந்தெந்தத் தேதிகளில் சொன்னீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பவை மட்டும் இருந்தால் போதும். "இந்தத் தேதிக்குள் பழுதுபார்க்காவிட்டால், வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்ற அடிப்படையில் 15 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்வேன்" என்று கடைசி வரியை நேரடியாகவே எழுதுங்கள். மின்கசிவுக்கு இரண்டு மூன்று நாளும் கூரைக்கு இரண்டு வாரமும் கொடுத்தால் நியாயமான அவகாசம் என்றே யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அவர் பதில் போட்டால் அழிக்காதீர்கள். "மழை முடியட்டும்" என்று அங்கேயும் எழுதினால், உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். "குடியிருக்கத் தகுதியற்றது" என்ற சொற்கள் நம் மனக்குறைக்கு அளவுகோல் அல்ல. கதவு சரியாகச் சாத்தவில்லை, சுவர் நிறம் மங்கிவிட்டது, ஒரு குழாய் சொட்டுகிறது என்பதற்கெல்லாம் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. தலையில் விழக்கூடிய காரையும் மின்கசிவும் வேறு வகை. இருந்தாலும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நீங்கள் சொல்வதைவிட, கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து இரண்டு பத்தியில் எழுதித்தரும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அதற்கான கட்டணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். தேதி தெரியும்படி படங்களும், மழை பெய்யும்போது எடுத்த வீடியோவும் சேர்த்து வையுங்கள்.

உரிமையாளர் இரண்டு பதில்கள் சொல்லக்கூடும். முதலாவது: "சுவிட்ச் மாற்றுவது வாடகைக்கு இருப்பவர் வேலை." இதில் பாதி உண்மை இருக்கிறது. சுவிட்ச், குழாய், தாழ்ப்பாள் போன்ற அன்றாடப் பழுதுகள் வாடகைதாரர் தலையில்தான் விழும்; கட்டடத்தின் அமைப்புப் பழுதும் பெரிய வயரிங் வேலையும் உரிமையாளருடையவை. கோளாறு சுவிட்சில் இல்லை, ஈரம் இறங்கிய சுவரிலும் வயரிங்கிலும்தான் என்று எலக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த அந்த வரி இங்கேதான் வேலை செய்யும். இரண்டாவது: "மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, குடியிருப்புச் சங்கம்தான் பார்க்க வேண்டும்." சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது நீங்கள் அல்ல. உங்களிடம் வாடகை வாங்குபவர் அவர். சங்கத்தோடு அவரே பேசிக்கொள்ளட்டும்.

நாமே பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவிலேயே, உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக்குப் பிறகும் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து செலவை வட்டியுடன் கழிக்கலாம் என்று இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த அளவை மீறாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் இந்த வழி சிறிய வேலைகளுக்கே சரி. இன்னொருவர் மொட்டைமாடிக்கு நீங்கள் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்து, ஆறு மாதம் கழித்துக்கொண்டிருப்பது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை.

முன்பணத்தைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு அந்த நிபந்தனை வலுவானது அல்ல. முதலில், வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று சட்டம் தரும் உரிமையில் வெளியேறுபவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார் என்பது உங்கள் வாதம். அதை ஏற்காமல், நீங்கள்தான் மீறினீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவு, எழுதிவைத்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. அடுத்த வாரமே வேறொருவர் குடிவந்துவிட்டால் உரிமையாளருக்கு என்ன இழப்பு? ஒன்று மட்டும் கவனியுங்கள்: "கடைசி மாதங்களை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக முடிவெடுத்து வாடகையை நிறுத்துவதும் வாடகை நிறுத்தம்தான். அவர் எழுதிச் சம்மதித்தால் மட்டுமே அது சரி.

கெடு முடிந்தும் வேலை நடக்கவில்லை என்றால் இரண்டாவது கடிதமாக 15 நாள் அறிவிப்பை அனுப்புங்கள். இடையில் அவர் சமாதானமாகப் பேச வந்தால் மறுக்காதீர்கள். இன்ன தேதியில் காலி செய்கிறேன், இவ்வளவு முன்பணம் இந்தத் தேதியில் திரும்ப வரும், இருவருக்கும் வேறு பாக்கி இல்லை என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டால், எந்த வழக்கையும்விட அது விரைவாக முடியும். பெரும்பாலான தகராறுகள் இப்படித்தான் முடிகின்றன, முடியவும் வேண்டும்.

காலி செய்யும் நாளில் எல்லா அறைகளையும் வீடியோ எடுங்கள், மின் மீட்டர் அளவு உட்பட. சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால், சாவியைப் பெற்றுக்கொள்ள வருமாறு எழுதிய கடிதத்தையும் தபாலில் அனுப்புங்கள். சாவி உங்கள் கையில் இருக்கும்வரை வீடும் உங்கள் வசம் என்றே அவர் வாதிடுவார். பூட்டிவிட்டுச் சொல்லாமல் போவது மிக மோசமான வழி.

அறிவிப்பைக் கண்ட கோபத்தில் அவர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், மாவட்டத்தின் வாடகை அதிகாரியிடம் உடனே மனுக் கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார், இடைக்கால உத்தரவிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. உங்கள் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அலுவலகத்தில் முதல் சிக்கலே அதுவாக இருக்கும். அப்படியானால் ஒப்பந்த நகல், வாடகை செலுத்திய வங்கி விவரம், இரண்டு கடிதங்கள், பொறியாளர் எழுதியது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மனுவை எழுதுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.