வேலூரில் ஒரு பார்க்கிங் இடத்தை மக்கள் கூடும் திடலாக மாற்ற முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் உடைத்துக் கட்டுவதில் தொடங்காதீர்கள். நியூயார்க்கின் டம்போ பகுதியில் 2007-இல் கார் நிறுத்திக்கொண்டிருந்த ஒரு முக்கோணத் துண்டில் பச்சை பெயின்ட் அடித்து, செடித்தொட்டியும் நாற்காலியும் போட்டார்கள். அவ்வளவுதான், திடல் தயார். சரிப்படவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பதால் எதிர்ப்பவர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

நம் ஊரில் முதல் எதிரி வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தார்த்தரையில் போட்ட இரும்பு பெஞ்சில் மதியம் யார் உட்காருவார்? நிழல் இல்லாத திடலுக்குச் செலவழிப்பதே வீண் என்பேன். வண்டி நின்று இறுகிய தரையில் மரம் லேசில் பிழைக்காது. குழியை அகலமாக வெட்டி, ஜல்லியை அள்ளிவிட்டு, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிப் புங்கனோ வேம்போ வையுங்கள். அது வளரும்வரை நிழல்வலைப் பந்தல் போதும்.

கோட்டைப் பக்கம் என்றால் கவனம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். பந்தல் போடவும் தொல்லியல் துறையைக் கேட்டுவிடுங்கள்.

மற்ற இடங்களில், நிலம் மாநகராட்சியுடையதா, பார்க்கிங் வசூல் குத்தகை எப்போது முடிகிறது என்று விசாரியுங்கள்.

அப்புறம், தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாதீர்கள். சாயங்காலம் சுண்டலும் பஜ்ஜியும் விற்றால்தான் ஆள் நடமாட்டம் இருக்கும், பெண்களும் தைரியமாக உட்காருவார்கள். குப்பை அள்ளுவது யார் என்பதை மட்டும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.