கடலில் கிடைத்த பழைய ப்ரொபெல்லர் எந்த விமானத்துடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று பிளேடு, ஒன்று பின்பக்கம் வளைந்திருக்கிறது, சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் வலையில் சிக்கியது என்கிறீர்கள். இந்நேரம் படகுத்துறையில் வெயிலில் கிடக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். காய்ந்தால் உள்ளே ஊறிய உப்பு அலுமினியத்தை ஏடு ஏடாக உரிக்கும், அதில் பொறித்த எண்ணும் போய்விடும்.

அந்த எண்தான் எல்லாம். பிளேடின் அடிப்பகுதியிலும், பிளேடுகள் சேரும் நடுப்பகுதியான ஹப்பிலும் குத்தியிருப்பார்கள். ஹப் எஃகு, பிளேடு அலுமினியம் என்றால் உப்புநீரில் இரண்டும் பேட்டரி போல வேலை செய்து, அவை சேருமிடத்தில் அலுமினியம் அதிகம் கரையும். எண் இருப்பதும் அங்கேதான்! ஒரு பிளேடில் அழிந்திருந்தால் மற்ற இரண்டையும் பாருங்கள்; வரிசை எண் வேறாக இருந்தாலும் வடிவ எண் பெரும்பாலும் ஒன்றுதான். சிப்பியை மரக்குச்சியால் நீக்கி, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுங்கள். கம்பி பிரஷ், காஸ்டிக் சோடா இரண்டும் வேண்டாம்; சோடா அலுமினியத்தையே தின்றுவிடும்.

ஹப்பில் 23E50 என்றிருந்தால் ஹேமில்டன் ஸ்டாண்டர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு. 3 பிளேடு எண்ணிக்கை, E பிளேடு அடியின் அளவு, 50 எஞ்சின் தண்டில் ஹப் பொருந்தும் பல்வரிசையின் (ஸ்ப்லைன்) அளவு. டகோட்டா, கேட்டலினா ஆகிய இரண்டு வேறு விமானங்களிலும் இதே ஹப் உண்டு. ஆகவே பிளேடு எண்ணும் வேண்டும். 6353A-18 என்றால், கோட்டுக்குப் பின்னுள்ள 18, அடிப்படை விட்டத்தில் குறைத்த அங்குலம்.

கடலில் எது வந்தாலும் 'ஜீரோ' (ஜப்பானியப் போர் விமானம்) என்று சொல்லும் வழக்கம் எரிச்சலூட்டுகிறது. ஜப்பானில் சுமிட்டோமோ, ஹேமில்டனின் உரிமம் பெற்றுத் தயாரித்ததுதான் ஜீரோவில் இருந்தது. வடிவத்தை மட்டும் வைத்து ஜீரோ என்பதும் தப்பு, இல்லை என்பதும் தப்பு. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த 1942 மட்டுமே கணக்கில்லை. இங்குள்ள செலேத்தார் தளத்தில் சண்டர்லாந்து என்ற கடல் விமானம் 1959 வரை பறந்தது.

எண்ணே இல்லையா? ஹப் மையத்திலிருந்து நேரான பிளேடின் நுனிவரை அளந்து இரட்டியுங்கள், விட்டம் கிடைக்கும். பிறகு தட்டையான பக்கத்திலிருந்து, மேல்நோக்கிய பிளேடைப் பாருங்கள்: தடித்த, உருண்ட விளிம்பு வலப்பக்கம் என்றால் விமானியின் பார்வையில் வலஞ்சுழி. எஞ்சின்களில் மெர்லின் வலம், கிரிஃபன் இடம். இதிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். காந்தம் பிளேடில் ஒட்டினால் அலுமினியம் அல்ல, கர்ட்டிஸ் நிறுவனத்தின் உள்ளீடற்ற எஃகு பிளேடாக இருக்கலாம். பின்பக்க வளைவு எஞ்சின் விசையின்றி மோதியதைக் காட்டும் என்பார்கள். வலை இழுத்ததிலும் வளையும், அதனால் நான் அதை நம்பி எதையும் முடிவு செய்யமாட்டேன்.

தேய்த்துப் பளபளப்பாக்கிச் சுவரில் மாட்டும் எண்ணமிருந்தால் விடுங்கள். அமெரிக்க ராணுவ விமானம் என்றால் அமெரிக்காவின் 2004 சட்டப்படி எத்தனை ஆண்டானாலும் உரிமை அந்நாட்டுடையது. துறைமுக ஆணையத்திடம் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதே வலையில் குண்டு போன்ற உருளை வந்தால் தொடாமல் 999-இல் போலீசை அழையுங்கள்.