குறி எப்போது திரும்பும்?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் 5 − 3(ப − 2) ≥ 20 என்ற அசமன்பாட்டுக்கு ப ≥ −3 என்று எழுதி, சிவப்பு மையில் தப்பு வாங்கி வந்திருக்கிறாள். கேட்டால், "மைனஸால் வகுத்தா குறி திரும்பும்மா, மறந்துட்டேன், அது ரூல்" என்கிறாள். ≥ என்ற குறி ஏன் ≤ என்று திரும்ப வேண்டும்? எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, இராயக்கோட்டை

பதில்: (எக்ஸுக்குப் பதில் 'ப' என்று மாற்றியது நான்தான், பின்னால் தக்காளிப் பெட்டி வரப்போகிறது.)

அடைப்பை உடைத்தால் 5 − 3ப + 6 ≥ 20. நிறையப் பிள்ளைகள் வழுக்கி விழுவது இந்த +6இல்தான், −6 என்று எழுதிவிடுவார்கள். உங்கள் மகள் அங்கே தப்பவில்லை, விடையில் 3 வந்திருப்பதே அதற்குச் சாட்சி. அப்புறம் 11 − 3ப ≥ 20, அதிலிருந்து −3ப ≥ 9, கடைசியில் ப ≤ −3. சந்தேகமாக இருந்தால் 0 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் விடைப்படி 0 சரியாக இருக்க வேண்டும், ஆனால் இடப்பக்கம் 11தான் வருகிறது, அது எங்கே 20ஐத் தொட!

சரி, ஏன் திரும்புகிறது? உங்கள் கையில் 2000 ரூபாய். பறிப்புக் கூலி பெட்டிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் செலவுக்கு 500 ரூபாயாவது மிஞ்ச வேண்டும். ப பெட்டி தக்காளி பறித்தால் 2000 − 60ப ≥ 500, அதாவது −60ப ≥ −1500. குறியைத் திருப்பாமல் விட்டால் ப ≥ 25, அதாவது 25 பெட்டிக்கு மேல் எத்தனை பறித்தாலும் காசு மிஞ்சும்! எந்த விவசாயியாவது ஒத்துக்கொள்வாரா? பெட்டி கூடக் கூட மிச்சம் குறைகிறது, அதனால்தான் "குறைந்தது 500 மிஞ்ச வேண்டும்" என்பது "அதிகபட்சம் 25 பெட்டி" என்று மாறுகிறது.

ரூலே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். 11 − 3ப ≥ 20 என்ற இடத்தில் 3பவை வலப்பக்கம் அனுப்பி, 20ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் −9 ≥ 3ப, அப்படியே −3 ≥ ப. எதையும் திருப்பவில்லை, விடை அதேதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை, மைனஸைக் கண்டாலே திருப்பிவிடக் கூடாது. 3ப ≥ −9 என்றால் வகுப்பது +3ஆல், ஆகவே ப ≥ −3தான். எதனால் பெருக்குகிறோம், எதனால் வகுக்கிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதும், கூட்டினாலும் கழித்தாலும் குறி அசையாது.

கேள்வி: 180ப − 60ப − 1500 ≥ 3000 என்ற கணக்கில் ப என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. 37.5 பெட்டி என்று வருகிறதே, தப்பா?
– மாணவர், பாலக்கோடு

பதில்: இல்லை தம்பி, ப ≥ 37.5 சரிதான். ஆனால் அரைப் பெட்டி ஏற்ற முடியாதென்றால் குறைந்தது 38 என்று எழுது. 37 போட்டால் 2940 ரூபாய்தான் வரும், 60 ரூபாய் துண்டு விழும்.